நீ அனுப்பிய பட்டியல்

பிரிஞ்சாங், கேமரன் மலை
12 அக்டோபர் 2025

அன்புள்ள பாப்பா,

முதுகலை படிக்கிற இடங்கள் என்று வாட்சப்பில் நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. பதிலையும் அதிலேயே கேட்டிருந்தாய். கட்டைவிரலால் தட்டி முடிக்கிற விஷயமாக எனக்கு இது படவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அத்தை நாளைக்குக் கோலாலம்பூர் இறங்குகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். அடுத்த வாரம் தீபாவளிக்கு நீ மேலே வரும்போது முறுக்கு பிழிகிற கூட்டத்துக்கு நடுவே நாம் நிம்மதியாகப் பேச முடியாது. அதற்குள் படித்து, மறுத்துப் பேச வேண்டியதை எல்லாம் சேர்த்துக்கொண்டு வா.

இங்கே எல்லாரும் நலம். மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கு மேல் சுங்கை பாலாஸ் பக்கம் எதிர்ச் சரிவே தெரிவதில்லை. பாட்டிக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலாம். நீ வெளிநாடு போகிற பேச்சு காதில் விழுந்ததிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான்: "வானம் இங்கதான் இவ்ளோ கிட்டத்துல இருக்கே, அதைப் பார்க்க எதுக்குப் புள்ள ஜெர்மனிக்குப் போவணும்?" காலம் முழுக்க இந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர் கேட்கிற கேள்வி. சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை.

அவர் சொல்வதில் பாதி உண்மை. பூமத்திய ரேகைக்கு வடக்கே நாலரை டிகிரியில் உட்கார்ந்திருக்கிறோம். வானத்தின் வடக்கிலும் தெற்கிலும் நமக்கு மறைந்தே கிடப்பது மிகக் கொஞ்சம். தென் சிலுவை இங்கே 25 டிகிரி வரை மேலேறும். மெகல்லன் மேகங்கள்கூடத் தெற்கு அடிவானத்துக்கு மேலே வந்துவிட்டுப் போகும். லண்டன்காரனுக்கு இவை இரண்டுமே தன் ஊரில் தெரியாதவை.

மீதிப் பாதி உனக்கே தெரியும். நம் மேகம் அந்த வானத்தைப் பார்க்க விடாது. விட்டாலும், செவ்வந்தி சீக்கிரம் மொட்டு வைக்காமல் இருக்க இரவில் விளக்கெரிக்கிற பிளாஸ்டிக் கூடாரங்கள் பிரிஞ்சாங்கைச் சுற்றி நிற்கின்றன. குனுங் பிரிஞ்சாங் 2,031 மீட்டர். தாய்லாந்துக்காரர்கள் 2.4 மீட்டர் தொலைநோக்கியை வைத்திருக்கும் டோய் இந்தனோன் தளம் 2,457 மீட்டர். உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே ஆண்டில் பாதி வறண்டு கிடக்கிறது, இங்கே அப்படி ஒரு காலமே கிடையாது, சங்கதி அவ்வளவுதான்.

ஆகையால் நீ ரேடியோ வானியலைப் பிடித்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் அலை மேகத்தை ஒரு பொருட்டாக மதிக்காது. ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. கண்ணால் பார்க்கும் வானியலுக்கு மலை உச்சி வேண்டும். ரேடியோவுக்கோ பள்ளத்தாக்கு வேண்டும். நம் உச்சியில் வரிசையாக நிற்கும் தொலைத்தொடர்புக் கோபுரங்களை நினைத்துக்கொள். 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை யாரும் ஒலிபரப்பக் கூடாது என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டு ஒதுக்கி வைத்திருப்பது உண்மைதான். ஆனால் தொலைதூர விண்மீன் மண்டலத்திலிருந்து வருகிற அலை, அண்டம் விரிய விரியத் தானும் நீண்டு, அந்த வேலியைத் தாண்டி வந்துவிடுகிறது. 500 கோடி ஆண்டுக்கு முன்பு புறப்பட்டது 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து சேரும். அங்கே ஏற்கெனவே நம் கைப்பேசிகள் பேசிக்கொண்டிருக்கின்றன.

இதையெல்லாம் பாட்டியிடம் விளக்க முடியுமா? "அவ வானத்தைப் பார்க்கப் போகலம்மா, வானத்தைப் பார்க்கத் தெரிஞ்சவங்களைப் பார்க்கப் போறா" என்றேன். "அப்பச் சரி" என்று விட்டுவிட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பிறகு உன் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது, உனக்குச் சொல்ல வேண்டியதும் அதுதான் என்று தோன்றியது.

நீ ஐந்து இடங்களை எழுதி, உலகத் தரவரிசைப்படி அடுக்கியிருக்கிறாய். அந்த வரிசை ஒரு பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியை, சட்டக் கல்லூரியை, வணிகப் பள்ளியை எல்லாம் சேர்த்துப் போட்ட கணக்கு. உனக்கு வேண்டியது அதன் ஒரு மாடியில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து, இருபது பேர். தரவரிசையைப் பார்த்து அவர்களைத் தேர்ந்தெடுப்பது, பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்துத் தேயிலை வாங்குகிற மாதிரி. தோட்டத்தில் பிறந்தவள் அதைச் செய்யலாமா?

வானியற்பியலாளர் சந்திரசேகரின் கதையை நீ நோபல் பரிசுக் கதையாகத்தான் கேட்டிருப்பாய். எங்கே படிப்பது என்று முடிவு செய்த ஒரு பையனின் கதையாக இன்னொரு முறை படித்துப் பார். 1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஸோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சந்திரசேகருக்கு அப்போது ஏறத்தாழ பதினெட்டு வயது. ஸோமர்ஃபெல்டின் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தவர், நேரே போய் அவரைப் பார்த்தார். அந்தப் புத்தகத்தில் இருப்பது அதற்குள் பழசாகிவிட்டது என்று சொல்லி, புதிய புள்ளியியலை வைத்துத் தான் எழுதிய கட்டுரையின் அச்சுப் படியை ஸோமர்ஃபெல்ட் கொடுத்தனுப்பினார். அதை வைத்து சந்திரசேகர் சொந்தமாக ஒரு கட்டுரை எழுதி, வெண்குறு விண்மீன்களைப் பற்றி ஆராய்ந்திருந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபவுலருக்கு அனுப்பினார். 1929இல் அது ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. 1930 ஜூலை 31ஆம் தேதி பம்பாயில் கப்பலேறியபோது அரசாங்க உதவித்தொகை கையில் இருந்தது. கூடவே, யாரிடம் போகிறோம், என்ன கேள்வியோடு போகிறோம் என்பதும் தெரிந்திருந்தது. வெண்குறு விண்மீன்களைப் பற்றிய அந்தக் கேள்விக்கான கணக்கைக் கப்பலிலேயே போட ஆரம்பித்துவிட்டார்.

கதையின் பின்பாதியையும் படி. ஃபவுலர் நினைத்த நேரத்தில் கைக்கு அகப்படுகிற ஆள் இல்லை. அவர் விடுப்பில் போன காலத்தில் இயற்பியலாளர் டிராக் பொறுப்பேற்றார். டிராக் சொல்லித்தான் சந்திரசேகர் கடைசி ஆண்டில் கோபன்ஹேகனுக்குப் போனார். ஒருவரை நம்பிப் போன மாணவனைத் தாங்கிக்கொள்ள அக்கம்பக்கத்தில் இன்னும் சிலர் இருந்தார்கள். ஆகவே ஒருவர் போதாது, பாப்பா. நீ விரும்பும் துறையில் குறைந்தது மூன்று பேராவது இருக்கிற இடமாகப் பார். ஒருவர் விடுப்பில் போவார், ஒருவர் வேறு நாட்டுக்கு மாறிப்போவார், ஒருவருக்கு உன்னைப் பிடிக்காமலும் போகலாம்.

நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. மலேசியாவின் முதல் வானியற்பியலாளர் என்று நாம் சொல்கிற மஸ்லான் ஒத்மான் சிரம்பானில் பிறந்தவர். நியூசிலாந்தின் தென்கோடியில் டுனெடின் என்ற சின்ன ஊரில் உள்ள ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 1981இல் முனைவர் பட்டம் வாங்கினார். திரும்பி வந்து மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் வானியற்பியல் பாடத்தை உண்டாக்கினார். நீ சின்ன வயதில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாயே, அந்த தேசியக் கோளரங்கத்தை நிறுவும் பொறுப்பு அவரிடம் இருந்தது. பிறகு ஐநாவின் விண்வெளி விவகார அலுவலகத்துக்கே தலைவர் ஆனார். ஊர் பெரிதா, பேர் பெரிதா என்று பார்த்திருந்தால் டுனெடின் யார் பட்டியலிலும் வந்திருக்காது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பாய். ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் ஆசிரியர்களின் பெயர்கள் இருக்கும். உனக்குப் பிடித்த வேலையைச் செய்கிறவர்களைக் குறித்துக்கொள். ஆர்க்சைவ் இணையதளத்தில் அவர்களுடைய கடந்த மூன்று ஆண்டுக் கட்டுரைகளை எடு, எல்லாம் இலவசம். பேராசிரியரின் பெயரைப் பார்க்காதே, முதல் பெயர் யாருடையது என்று பார். மாணவர் பெயர் முதலில் வருகிறதா? அந்த மாணவர் முதுகலைக்காரரா, முனைவர் பட்டக்காரரா? முதுகலை ஆய்வேட்டிலிருந்து கட்டுரை பிறக்கிற இடத்தில் உன்னை ஆளாக மதிக்கிறார்கள் என்று பொருள். பிறகு அங்கே இப்போது படிக்கிற இரண்டு பேருக்கு எழுதிக் கேள்: மேற்பார்வையாளரை வாரத்துக்கு எத்தனை முறை பார்க்கிறீர்கள்? ஆய்வுத் தலைப்பை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்களா, அவர்கள் கொடுத்தார்களா? போன ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? தங்க அறை கிடைத்ததா? கடைசிக் கேள்வியை அற்பமாக நினைக்காதே. நெதர்லாந்தில் அறை கிடைக்காமல் அல்லாடுகிற மாணவர்கள் நிறைய.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. முதுகலையோடு உன் படிப்பு நிற்கப்போவதில்லை. அடுத்து முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது உன்னை யார் என்று சொல்லப்போவது பரிந்துரைக் கடிதங்கள். "வகுப்பில் கெட்டிக்காரி" என்று யாரும் எழுதுவார்கள். "இந்தத் தரவில் என் கண்ணுக்குப் படாத ஒரு பிழையைக் கண்டுபிடித்தாள்" என்று எழுத, ஒருவர் உன்னோடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் உன் பட்டியலில் முதலில் இருக்கும் இங்கிலாந்து ஓராண்டுப் படிப்பு எனக்கு உதைக்கிறது. செப்டம்பரில் சேர்வாய். முனைவர் பட்ட விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் மூடிவிடும். ஆய்வுத் திட்டமோ கோடையில்தான் சூடு பிடிக்கும். உன்னை மூன்று மாதம் வகுப்பில் பார்த்தவர் என்ன எழுதுவார்? ஒன்று, நீ இப்போது படிக்கிற மலாயாப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்களின் கடிதத்தையே மறுபடி நம்ப வேண்டும். இல்லையென்றால் ஓராண்டு சும்மா காத்திருக்க வேண்டும். கட்டணம் பல இடங்களில் 25,000 பவுண்டைத் தாண்டுகிறது. செவனிங் உதவித்தொகை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், உண்மை. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள். உன்னிடம் இல்லை. இதைப் பட்டியலின் அடிக்கு இறக்கு என்பது என் யோசனை.

நெதர்லாந்தின் லெய்டன் மீது உனக்கு இருக்கும் ஆசை புரிகிறது. பல்கலைக்கழக வானாய்வகங்களில் இன்றும் இயங்குவனவற்றில் மிகப் பழையது அது, 1633இல் தொடங்கியது. உன் 21 சென்டிமீட்டர் அலையே அங்கே பிறந்ததுதான். 1944இல், நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, வானியலாளர் ஊர்ட் தூண்டிவிட்டு வான் டி ஹுல்ஸ்ட் என்ற மாணவர் கணக்குப் போட்டு, ஹைட்ரஜன் இந்த அலையை வெளியிட வேண்டும் என்று சொன்னார். 1951இல் ஹார்வர்டில் அதை முதலில் பிடித்தார்கள். இரண்டாண்டுப் படிப்பில் இரண்டு ஆய்வுத் திட்டங்களை வேறு வேறு ஆசிரியர்களிடம் செய்யலாம். அதாவது இரண்டு பேர் உன்னை நன்றாக அறிவார்கள். படிப்பில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கட்டணம்தான்: ஐரோப்பியர் அல்லாதவருக்கு ஆண்டுக்கு 20,000 யூரோவைத் தாண்டும். லெய்டன் தரும் உதவித்தொகைக்குக் கட்டாயம் விண்ணப்பி. கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போ. கிடைக்காவிட்டால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதே.

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தை நீ மூன்றாவதாக வைத்திருக்கிறாய். நான் முதலில் வைப்பேன். ஆங்கிலத்திலேயே இரண்டாண்டு வானியற்பியல் முதுகலை. முதல் ஆண்டு பாடம். இரண்டாம் ஆண்டு முழுக்க ஆராய்ச்சி. ரேடியோ வானியலுக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் அதே ஊரில் இருக்கிறது. நான் சொன்ன மூன்று பேர் அங்கே முப்பது பேராக இருப்பார்கள். அவர்களுடைய எஃபல்ஸ்பர்க் தொலைநோக்கி 1972 முதல் வேலை செய்கிறது. நூறு மீட்டர் விட்டம். அதை எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில், ஊர்ச் சத்தம் எட்டாதபடி மறைத்து. ரிங்லெட் மேட்டிலிருந்து கீழே பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த இடம் உடனே பிடித்துப்போகும்.

பணம்? கல்விக் கட்டணம் கிடையாது. பருவத்துக்கு ஒருமுறை ஒரு சிறு தொகை, அதில் பஸ், ரயில் சீட்டும் அடங்கிவிடும். ஜெர்மனியில் எல்லா இடமும் இப்படி இல்லை. ஹைடல்பர்க் இருக்கும் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்றவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும்; ஐம்பத்தைந்தாயிரம் வெள்ளிக்கு மேல். தொகையைக் கேட்டதும் உன் அம்மா தலையில் கை வைத்துவிட்டாள். அது கட்டணம் இல்லை என்று விளக்கினேன். உன் பேரில் கிடந்து, மாதம் 992 யூரோவாக உன் கைக்கே திரும்பி வரும் சாப்பாட்டுக் காசு, அறை வாடகை. ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யவும் அனுமதி உண்டு. இரண்டாம் ஆண்டுச் செலவில் ஒரு பகுதியை நீயே சமாளிக்கலாம்.

கேப் டவுனைக் கடைசிக்கு முந்தின இடத்தில் போட்டிருக்கிறாய். "ஆப்பிரிக்காவா?" என்று வீட்டில் யாரோ கேட்டிருப்பார்கள். யார் என்றும் எனக்குத் தெரியும். ரேடியோ வானியல் இன்று எங்கே நடக்கிறது என்று கேட்டால் கை காட்ட வேண்டிய திசை அதுதான். கரூ வறண்ட நிலத்தில் 64 தட்டுகளோடு மீர்கேட் ரேடியோ தொலைநோக்கி 2018 முதல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதையும் சேர்த்து 197 தட்டுகளாக எஸ்கேஏ என்ற ரேடியோ தொலைநோக்கியின் ஒரு பாதி அங்கே எழும்பிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஆள் தயார் செய்யவே 2003இல் தேசிய வானியற்பியல் திட்டம் ஒன்றை ஆரம்பித்தார்கள். உன் பட்டத்துக்கு அவர்கள் முதுகலைக்கு முன் ஒரு ஹானர்ஸ் ஆண்டைக் கேட்பார்களா, நேராக முதுகலைக்கு எடுப்பார்களா என்று எழுதிக் கேள். நேராக எடுத்தால் பானுக்கு அடுத்தபடி இதுதான்.

ஐந்தாவதாக, "ஒன்றும் கிடைக்காவிட்டால்" என்று அடைப்புக்குறி போட்டு மலாயாப் பல்கலைக்கழகத்தை எழுதியிருக்கிறாய். அந்த அடைப்புக்குறியை அடித்துவிடு. உன் துறையிலேயே ரேடியோ அண்டவியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. தீபகற்பத்தில் ரேடியோ இரைச்சல் எங்கே அதிகம், எங்கே குறைவு என்று அளந்து கட்டுரை போட்டவர்கள் அவர்கள். ஆய்வு வழி முதுகலையில் முதல் நாளிலிருந்தே ஒரே மேற்பார்வையாளர், ஒரே கேள்வி. ஆய்வுத் திட்டத்தில் பணம் இருந்தால் உதவியாளர் சம்பளமும் கிடைக்கலாம். பாடங்கள் குறைவு, சக மாணவர்கள் குறைவு, அது குறைதான். ஆனால் இரண்டு ஆண்டில் ஒரு நல்ல கட்டுரையோடு வெளியே வந்தால், கடன் வாங்கி ஓராண்டு இங்கிலாந்தில் படித்தவரைவிட நீ முன்னே நிற்பாய்.

நீ சேர்க்காத இரண்டையும் சொல்லிவிடுகிறேன். எராஸ்மஸ் முண்டுஸில் வானியற்பியல், விண்வெளி அறிவியல் முதுகலை ஒன்று இருக்கிறது. ரோம், பெல்கிரேட், பிரேமன், நீஸ் என நான்கு ஊர்ப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துகின்றன. உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ. வீட்டுக் காசு ஒரு சென்னும் வேண்டாம். ஊர் மாறி ஊர் மாறிப் போகிறபோது ஒரே ஆளோடு நீண்ட நாள் உட்கார முடியாது என்பது எனக்குள்ள தயக்கம். ஆனால் விண்ணப்பித்து வை. மற்றது அமெரிக்கா. அங்கே முதுகலை இல்லாமல், இளங்கலையிலிருந்தே நேராக முனைவர் பட்டத்துக்கு எடுக்கிறார்கள். ஐந்தாறு ஆண்டு, கட்டணத்தைத் துறை பார்த்துக்கொள்ளும், மாதச் செலவுக்கும் கொடுக்கும். போட்டி கடுமை. இந்த டிசம்பருக்குள் உன்னால் தயாராக முடியாது. முதுகலைக்குப் பிறகும் அந்தக் கதவு திறந்துதான் இருக்கும்.

இந்தியாவைப் பற்றி உன் தாத்தா வழிச் சொந்தங்கள் கேட்டதாகச் சொன்னாய். ஊட்டியில் முத்தோரை என்ற இடத்தில் கோவிந்த் ஸ்வரூப் 1970இல் கட்டி முடித்த ரேடியோ தொலைநோக்கியைப் பற்றிப் படித்திருக்கிறாயா? 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், ஒரு மலைச் சரிவில் வடக்குத் தெற்காகப் படுத்திருக்கிறது. அந்த இடத்தின் அட்சரேகை பதினொன்றரை டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அதே அளவு சாய்வுள்ள சரிவைத் தேடிப் பிடித்தார் மனிதர். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினால் போதும், ஒன்பதரை மணி நேரம் ஒரு பொருளை விடாமல் தொடரலாம். கையில் காசு கம்மி, மலை இருந்தது. அந்த மலையையே கருவியின் பாகமாக்கிக்கொண்டார். முதுகலைக்கு நீ அங்கே போக வேண்டும் என்று சொல்லவில்லை. வாய்ப்பு வந்தால் போய்ப் பார்த்துவிட்டு வா. தேயிலைச் சரிவைப் பார்த்து விளைச்சலைத் தவிர வேறொன்றையும் கணக்குப் போட்ட ஆட்கள் உண்டு என்று தெரிந்துகொள்வது உனக்கு நல்லது.

இனி வீட்டு விஷயம். உன் அப்பா போன வாரம் அழைத்தார். இபிஎப் சேமிப்பிலிருந்து பிள்ளை படிப்புக்கு எடுக்கலாமாமே, எவ்வளவு எடுக்கட்டும் என்று கேட்டார். "பொறுங்க அத்தான், அவ முதல்ல இடத்தைப் பிடிக்கட்டும்" என்றேன். அவர் கேட்டால் கொடுத்துவிடுவார், பாப்பா. கணக்கே பார்க்க மாட்டார். அதனால் நீதான் பார்க்க வேண்டும். பானுக்கு வேண்டிய முதல் ஆண்டுப் பணத்தில் பாதியை நானும் அத்தையும் போடுகிறோம். மீதிப் பாதிக்கு உன் அப்பா தன் சேமிப்பைத் தொடட்டும். கூச்சப்படாதே, இது கடன்தான். வேலைக்குப் போனதும் வட்டியில்லாமல் திருப்பிக் கொடு. முப்பதாயிரம் வெள்ளியைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்போடு ஒருத்தி நிம்மதியாகப் படிக்கலாம். இரண்டு லட்சத்தைத் தலையில் சுமந்துகொண்டு கேலக்ஸியைப் பற்றி யோசிக்க முடியாது.

வானியலில் கடைசிவரை இடம் கிடைக்காவிட்டால் என்ன என்று உன் அம்மா தனியாக என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்வி. முனைவர் பட்டம் வாங்கியவர்களிலேயே நிரந்தர வேலை கிடைக்கிறவர்கள் சிலர்தான். அதை மறைத்து உன்னை அனுப்ப எனக்கு மனமில்லை. ஆனால் ரேடியோ வானியலில் நீ கற்கப் போவதைப் பார்: இரைச்சலுக்குள் புதைந்த சிக்னலைப் பிரித்தெடுப்பது, பைத்தானில் பெரிய தரவைக் கையாள்வது, புள்ளியியல், ஆன்டெனா, ரிசீவர். சிலியில் ரூபின் வானாய்வகம் வேலையைத் தொடங்குகிறது. ஓர் இரவுக்கு 20 டெராபைட் அளவில் தரவு கொட்டும். இனி வானியல் என்றாலே இந்தக் கைத்தொழில்தான். பினாங்கில் 1972 முதல் சில்லு ஆலைகள் இருக்கின்றன. இந்த வேலை தெரிந்தவர்களுக்கு அங்கே சோறு கிடைக்கும். அதனால் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆய்வேட்டில் கருவியையோ தரவையோ நீயே தொட்டு வேலை செய்கிற இடமா என்று பார். கட்டுரைகளைத் தொகுத்து எழுதி முடிக்கிற ஆய்வேடு என்றால் வேண்டாம்.

தீபாவளிக்கு வருவதற்குள் மூன்று காரியம் செய். ஒன்று, பானிலும் கேப் டவுனிலும் உனக்குப் பிடித்த வேலையைச் செய்கிற மூன்று மூன்று பேரைக் கண்டுபிடித்து, ஆளுக்கு ஒரு கட்டுரை படி. புரியாத இடத்தில் கோடு போடு. புரியாததுதான் நல்ல கேள்வி. இரண்டு, அவர்களில் ஒருவருக்கு எழுத வேண்டிய மின்னஞ்சலை வரைந்து கொண்டு வா. பத்து வரிக்கு மேல் போகாதே. "சிறுவயதிலிருந்தே விண்மீன்கள் மீது எனக்குத் தீராத ஆர்வம்" என்று தொடங்கினால் நானே கிழித்துப் போடுவேன். அதை உலகத்தில் எல்லாரும் எழுதுகிறார்கள். அவர் கட்டுரையின் எந்தப் படத்தைப் பார்த்து உனக்குக் கேள்வி வந்தது என்பதிலிருந்து ஆரம்பி. மூன்று, உன் ஆண்டிறுதித் திட்டத்தை மேற்பார்வை செய்கிற ஆசிரியரிடம் போய், பரிந்துரைக் கடிதம் தருவாரா என்று இப்போதே கேள். கடைசி வாரத்தில் கேட்டால் கடைசி வாரத்துக் கடிதம்தான் கிடைக்கும்.

பானுக்கு முதலிடம் என்று நான் சொல்வது என் கணக்கு. மாணவர்களுக்கு நீ எழுதிக் கேட்டபின் கணக்கு மாறினால், மாற்றிக்கொள்ள நான் தயார். ஆனால் "அது பெரிய பேரு மாமா" என்ற ஒரு காரணத்தை மட்டும் தூக்கிக்கொண்டு மலை ஏறாதே.

வரும்போது தாப்பா வழியாக வராதே, சாலையில் மண் சரியலாம். சிம்பாங் பூலாய் பக்கம் வருகிற பஸ்ஸைப் பிடி. குளிர்ச் சட்டை எடுத்துக்கொள். பாட்டிக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் அந்த முட்டித் தைலம் இரண்டு போத்தல் வாங்கி வா, காசு நான் தருகிறேன்.

அன்புடன்,
உன் மாமா